பி.இ. சைபர் செக்யூரிட்டி எடுக்கலாமா, சும்மா சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) போதுமா? நாரோயில் பக்கம் உள்ளவங்க சொல்லுங்க

மட்டிப்பழம்
எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு, கட்ஆஃப் 168.5. வீடு திங்கள்சந்தை பக்கம். டிஎன்இஏ (இன்ஜினியரிங் கவுன்சிலிங்) சாய்ஸ் ஃபில்லிங்குக்கு லிஸ்ட் போட்டுட்டு இருக்கேன், வீட்டுல அதுக்குத்தான் தினமும் சண்டை. எனக்கு சைபர் செக்யூரிட்டி எடுக்கணும்னு ஆசை. அப்பா என்ன சொல்லுதாருன்னா சிஎஸ்இன்னா எவன் கேட்டாலும் புரியும், இது என்னவோ புதுசா வந்த பேரு, நாளைக்கு ஒரு கவர்மென்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போ லிஸ்ட்ல இந்தப் பேரு இல்லன்னா யாருட்ட போயி கேப்பன்னு. தோஹாவுல இருக்க மாமா ஃபோன்ல சைபர்தான் எதிர்காலம்ங்காரு, ஆனா அவரு ஏசி மெக்கானிக்.

ரெண்டு டிகிரிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் என்ன? கணக்கு எனக்கு சுமார்தான், அது பிரச்சனையாவுமா? அப்புறம் லேப்டாப். கடைக்காரரு கேமிங் லேப்டாப் இல்லாம இந்தப் படிப்பு படிக்கவே முடியாதுன்னு சொல்லுதாரு, அப்பாவுக்கு அதக் கேட்டு பாதி உயிரு போயிட்டு.

குளச்சல்_சாளை
தம்பி நான் இப்ப சைபர் செக்யூரிட்டி மூணாம் வருஷம். முதல்ல ஒண்ணு சொல்லிருதேன், கருப்பு ஸ்க்ரீன்ல பச்சை எழுத்து ஓடும்னு நெனச்சுட்டு வந்தேன், முதல் செமஸ்டர்ல கையில கெடச்சது டிராயிங் போர்டும் மினி டிராஃப்டரும். மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், தமிழர் மரபுன்னு ஒரு பேப்பர், எல்லாரும் படிக்கதத்தான் நாங்களும் படிச்சோம். ரெண்டாம் வருஷமும் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டிபிஎம்எஸ்னு சிஎஸ்இ கிளாஸ்ல நடக்கதுதான் எங்க கிளாஸ்லயும் நடக்கும். அதுக்கப்புறம்தான் கிரிப்டோகிராபி, நெட்வொர்க் செக்யூரிட்டி, ஃபாரன்சிக்ஸ்னு பிரியும். சிஎஸ்இ காரனும் எலெக்டிவா இதுல பாதிய எடுக்கலாம். வித்தியாசம் ஒரு ஏழெட்டு பேப்பர், அவ்வளவுதான்.

ஆனா லேப்ல ஒரு நாள் மண்டைக்குள்ள லைட் எரிஞ்சுது பாத்துக்க. ஒரே கம்ப்யூட்டருக்குள்ள தனித்தனியா ஓடுற ரெண்டு விர்ச்சுவல் மெஷின், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு டெல்நெட்னு ஒரு பழைய வழியில லாகின் பண்ணச் சொன்னாங்க, நடுவுல நெட்வொர்க்ல போறத எல்லாம் காட்டுற வயர்ஷார்க் ஓடுது. அப்புறம் அந்த ஸ்ட்ரீம தொறந்து பாத்தா நாங்க அடிச்ச பாஸ்வேர்ட் அப்படியே ஒவ்வொரு எழுத்தா கெடக்கு. இதுல வேடிக்கை என்னன்னா யூசர்நேம் மட்டும் எழுத்து எழுத்தா ரெண்டு தடவ தெரிஞ்சுது, நாங்க ஏதோ தப்பா அடிச்சுட்டோம்னு நெனச்சோம். மேடம் சொன்னாங்க, நீ அடிச்ச எழுத்த உனக்கு ஸ்க்ரீன்ல காட்டணும்னா சர்வர் அத திருப்பி அனுப்பணும்லா, அதான் ரெண்டு, பாஸ்வேர்ட சர்வர் திருப்பி அனுப்பாது, அதான் ஒண்ணுன்னு. அடுத்து அதையே, எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணி அனுப்புற எஸ்எஸ்எச்ல செஞ்சு பாத்தா ஒரு எழுத்தும் வாசிக்க முடியல. அன்னைக்குத்தான் என்கிரிப்ஷன்னா என்னன்னு வெளங்குச்சு, அதுக்கு முந்தி மார்க்குக்கு எழுதிட்டு இருந்தேன்.

லேப்டாப்புக்கு கேமிங் ஒண்ணும் வேண்டாம். ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512. விர்ச்சுவல் பாக்ஸ்ல ஹேக் பண்ணிப் பழக காளி லினக்ஸ் ஒண்ணு, அடி வாங்கதுக்குன்னே ஓட்டையோட செஞ்ச மெட்டாஸ்ப்ளாய்டபிள் ஒண்ணு, தேவைன்னா ஒரு விண்டோஸ், மூணையும் சேத்து ஓட்டணும்னா ரேம்தான் வேணும், கிராபிக்ஸ் கார்டு அங்க சும்மா இருக்கும். 8 ஜிபி உள்ளத வாங்கி பொறவு ரேம் கூட்டுனாலும் போதும், ஆனா வாங்கும்போ ரேம் மாத்த முடியுற மாடலான்னு கேட்டுக்க, இப்ப பல மாடல்ல போர்டுலயே சேத்து ஒட்டி விடுதானுவ.

பேச்சிப்பாறை_ஷட்டர்
எல்லாம் காலேஜ்காரனுவ சீட்டு விக்கதுக்கு வச்ச பேருலே மக்கா. முன்னாடி ஐடின்னான், பொறவு டேட்டா சயின்ஸ்ன்னான், இப்ப சைபர். அதே ரூம், அதே கம்ப்யூட்டர், அதே சாரு, வாசல்ல போர்டு மட்டும் மாறும். நம்ம பக்கத்துல கூடங்குளத்தையே எவனோ ஹேக் பண்ணி ரியாக்டர கையில எடுத்துட்டான், அத தடுக்க ஆளில்ல, இவனுவ இங்க பிள்ளையளுக்கு டிகிரி குடுக்கானுவளாம்.

கழக்கூட்டம்_நைட்ஷிப்ட்
ஷட்டர் அண்ணாச்சி, போர்டு விஷயத்துல நீங்க சொல்லுகது பாதி சரி. கூடங்குளம் விஷயம் அப்படி இல்ல. 2019 செப்டம்பர்ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சிஇஆர்டி-இன் தகவல் குடுத்துச்சு, அக்டோபர் கடைசியில விஷயம் வெளிய வந்தப்ப முதல்ல அப்படி ஒண்ணும் இல்லன்னாங்க, மறுநாளே அணுமின் நிலையத்த நடத்துற என்பிசிஐஎல் ஆமா உண்மைதான்னு ஒத்துக்கிட்டு. டிட்ராக்னு சொல்லுற மால்வேர். அது பிடிச்சது ஆபீஸ் நிர்வாகத்துக்கு வச்சிருந்த, இன்டர்நெட் கனெக்ஷன் உள்ள ஒரு கம்ப்யூட்டர. ரியாக்டர ஓட்டுற கன்ட்ரோல் சிஸ்டம் தனி நெட்வொர்க், அதுக்கும் இதுக்கும் தொடர்பு இல்லன்னுதான் அவங்க சொன்னாங்க. ஹேக் ஆச்சுன்னு எவனாவது சொன்னா எந்த நெட்வொர்க்குன்னு முதல்ல கேக்கணும், அந்தக் கேள்வி வாயில வாரதுக்குத்தான் இந்தப் படிப்பே.

மட்டிப்பழம் தம்பிக்கு. நான் மார்த்தாண்டம், படிச்சது சாதா சிஎஸ்இ, இப்ப திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல ஒரு கம்பெனியில எஸ்ஓசி அனலிஸ்ட், அதாவது நெட்வொர்க்ல தப்பா ஏதும் நடக்கான்னு கண்காணிக்க ஆளு. ஸ்க்ரீன பாத்துட்டே இருக்க வாட்ச்மேன் வேலைன்னு எங்கம்மா சொல்லும், பெரிய தப்பில்ல. ஒரு ராத்திரி எப்படி இருக்கும்னு சொல்லுதேன், அது தெரிஞ்சுட்டு முடிவு பண்ணு.

ஷிப்ட் தொடங்கும்போ க்யூவுல அலர்ட் கெடக்கும். முக்கால்வாசி ஒண்ணுமில்லாதது. ஒருத்தன் கொச்சியில இருந்தும் பத்து நிமிஷத்துல நெதர்லாந்துல இருந்தும் லாகின் பண்ணிருக்கான்னு சிகப்பா காட்டும், விசாரிச்சா அவன் மொபைல்ல விபிஎன் போட்டுட்டு படம் பாத்துட்டு இருந்திருப்பான். ராத்திரி பேக்கப் ஓடுறதே சில டூலுக்கு டேட்டா திருட்டு மாதிரி தெரியும். இப்படி க்ளோஸ் பண்ணிக்கிட்டே வரும்போதுதான் ஒரு நாளு வேர்ட் ப்ராசஸ், விண்டோஸ்ல கமாண்டு ஓட்டுற பவர்ஷெல்ல கூப்பிட்டிருக்குன்னு ஒரு அலர்ட். அக்கவுண்ட்ஸ்ல உள்ள ஒருத்தரு இன்வாய்ஸ்னு வந்த மெயில தொறந்திருக்காரு. லெட்டர் டைப் பண்ணுற சாஃப்ட்வேர் எதுக்கு பவர்ஷெல்ல கூப்பிடணும்? அந்தக் கமாண்டு நேரா வாசிக்க முடியாதபடி பேஸ் 64ங்க வடிவத்துல சுத்தி வச்சிருந்துச்சு, பிரிச்சுப் பாத்தா வெளிய ஒரு அட்ரஸ்ல இருந்து ஃபைல் இறக்கச் சொல்லுது. உடனே அந்த மெஷின நெட்வொர்க்ல இருந்து தனியாக்கி, அதே மெயில் வேற யாருக்கெல்லாம் போயிருக்கு, யாரெல்லாம் தொறந்தான்னு தேடி, எல்லாத்தையும் நேரத்தோட எழுதணும். லாக்ல நேரம் யுடிசியில (உலகப் பொது நேரம்) கெடக்கும், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும், ஒரு டூல் யுடிசி, இன்னொண்ணு ஐஎஸ்டின்னா புது ஆளுக்கு எது முந்தி நடந்துச்சுன்னே கொழம்பிப் போவும்.

எழுதுறத லேசா நெனைக்காத. 2022 ஏப்ரல்ல சிஇஆர்டி-இன் போட்ட உத்தரவுப்படி குறிப்பிட்ட வகை சம்பவம்னா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் போவணும், லாக் எல்லாம் 180 நாளு வச்சிருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எழுதுற நாலு வரிய வச்சுத்தான் காலையில பெரிய ஆளுங்க முடிவு எடுப்பாங்க. எங்க டீமுக்கு இன்டர்வியூ வாரவன்ல நிறைய பேரு டூல் பேரு இருபது சொல்லுவான், பிரவுசர்ல ஒரு அட்ரஸ் அடிச்சு என்டர் தட்டுனா பேஜ் வாரது வரைக்கும் என்னென்ன நடக்குதுன்னு கேட்டா பேர நம்பர் அட்ரஸா மாத்துற டிஎன்எஸ் தாண்டி வரமாட்டான். டிகிரியில எந்தப் பேரு இருக்குன்னு எங்க மேனேஜர் பாத்து நான் பாத்ததே இல்ல.

மட்டிப்பழம்
அண்ணா ரொம்ப தேங்க்ஸ். அப்போ ஹேக்கிங் எல்லாம் கெடையாதா? அனுமதி வாங்கிட்டு ஹேக் பண்ணிப் பாக்கத பென்டெஸ்டிங்னு சொல்லுகாங்கல்லா?

கழக்கூட்டம்_நைட்ஷிப்ட்
இருக்கு மக்களே, சீட்டு கொஞ்சம், ஆளு நிறைய. அதுலயும் ஒரு வாரம் டெஸ்ட் பண்ணுனா அடுத்து ரிப்போர்ட்டோட மல்லுக்கட்டணும். ஓஎஸ்சிபின்னு பெரிய சர்டிபிகேட் ஒண்ணு உண்டு, பரிச்சை 23 மணி 45 நிமிஷம், அது முடிஞ்சு ரிப்போர்ட் எழுத இன்னொரு 24 மணி நேரம். மெஷின உடைச்சவன் ரிப்போர்ட்ட ஒழுங்கா எழுதலன்னா ஃபெயில்தான்.

சாக்பீஸ்_தூசி
நான் இந்த மாவட்டத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்கேன், எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க. ஷட்டர் சாருக்கு கோவம் வாரதுல நியாயம் இருக்கு. புது பிராஞ்சுக்கு 60 சீட் அனுமதி வாங்கிருவாங்க, அதுக்குன்னு படிச்ச ஆளு கெடைக்காது, ஜாவா எடுத்துட்டு இருந்தவருட்ட ஃபாரன்சிக்ஸ் புக்க குடுத்து நாளைக்கு கிளாஸ்னு சொல்லுவாங்க. அவரு ராத்திரி முழுக்க படிச்சுட்டு வந்து எடுப்பாரு பாவம்.

அதனால தம்பி, காலேஜ பாக்கப் போனா பில்டிங்க பாக்காத. லேப்ல போயி நிக்க விடுவாங்களான்னு பாரு. அங்க உள்ள மெஷின்ல விர்ச்சுவல் பாக்ஸ் இருக்கா, ஸ்டூடன்ட்ஸுக்கு ரூட் பெர்மிஷன் (மெஷின்ல முழு அதிகாரம்) குடுக்காங்களா, இல்ல வயர்ஷார்க் தொறக்கவே சிஸ்டம் அட்மின்ட்ட லெட்டர் குடுக்கணுமான்னு சீனியர் பசங்களுட்ட கேளு. டிகிரி சர்டிபிகேட்ல என்ன பேரு அச்சாவும்னும் கேளு. கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங், பக்கத்துல சைபர் செக்யூரிட்டின்னு வந்தா உங்கப்பாவுக்கு உள்ள பயத்துல முக்கால்வாசி தீந்துரும். வெறும் சைபர் செக்யூரிட்டின்னு இருந்தா சில நோட்டிபிகேஷன்ல சமமான படிப்புதான்னு நிரூபிக்க அலைய வேண்டி வரலாம், அப்பா சொன்னது சும்மா இல்ல. 6ல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, ஃபீஸ் அரசே கட்டும், அத விட்டுறாத.

கணக்குக்கு வாரேன். கிரிப்டோகிராபின்ன உடனே பசங்க பேயடிச்ச மாதிரி இருப்பாங்க. 1977ல வந்த ஆர்எஸ்ஏங்க என்கிரிப்ஷன் முறை, இன்னைக்கும் பாடத்துல முக்கியமான இடம், அத ஒரு பேப்பர்ல போட்டுரலாம். 3, 11 ரெண்டு பகா எண். பெருக்குனா 33. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கொறச்சு பெருக்குனா 2ஐ 10ஆல பெருக்கி 20. ஊருக்கெல்லாம் சொல்லுற சாவி 3ன்னு வை. ரகசிய சாவி 7, ஏன்னா 3ஐ 7ஆல பெருக்குனா 21, 20ஆல வகுத்தா மீதி 1. இப்ப 4ங்க ரகசியத்த அனுப்பணும். 4ஐ மூணு தடவ பெருக்குனா 64, 33ஆல வகுத்தா மீதி 31. அந்த 31தான் வழியில போவும். வாங்குனவன் 31ஐ ஏழு தடவ பெருக்கி 33ஆல வகுத்தா மீதி 4 வரும், போட்டுப் பாரு. 33ஐ பாத்த உடனே 3, 11னு நீ சொல்லிருவ, அதே எண் 600 இலக்கத்துக்கு மேல இருந்தா பிரிக்க நாளு போதாது, பாதுகாப்பே அங்கதான் இருக்கு. பத்தாம் கிளாஸ் வகுத்தல் மீதி தெரிஞ்சவனுக்கு இது கஷ்டமில்ல. மனப்பாடம் பண்ணி செண்டம் வாங்குனவன் இங்க முழிக்கத நான் பாத்திருக்கேன், சுமார்னு சொன்ன பிள்ளைய நிதானமா போட்டு ஜெயிச்சதும் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, வருஷா வருஷம் ஒருத்தனாவது மாட்டுவான். ரெண்டு யூடியூப் வீடியோ பாத்துட்டு காலேஜ் போர்ட்டல்ல ஒரு லிங்க்ல நம்பர மாத்தி அடுத்தவன் மார்க்க பாத்துட்டான் ஒரு பையன், பாத்தவன் சும்மா இருந்தானா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கிளாஸ் வாட்ஸ்ஆப்ல போட்டுட்டான். ஓட்டைய வச்சிருந்தது நிர்வாகம், சஸ்பென்ட் ஆனது பையன்.

கோர்ட்டு_வாசல்
சாக்பீஸ் சார் சொன்னதோட சேத்து படிங்க. நான் நாரோயில் கோர்ட்ல ஜூனியர் வக்கீல். ஐடி ஆக்ட் 2000, பிரிவு 43 படி உரிமையாளர் அனுமதி இல்லாம உள்ள போறதே தப்பு, நஷ்டஈடு கேப்பாங்க. அதையே நேர்மையில்லாத எண்ணத்தோடயோ மோசடியாவோ செஞ்சா பிரிவு 66, 3 வருஷம் வரை ஜெயிலு, 5 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. பூட்டு இல்லாத வீடுன்னாலும் உள்ள போனா கேசுதான். ஓட்டைய கண்டுபிடிச்சா சிஇஆர்டி-இன்னுக்கு மெயில் போட வழி இருக்கு, ஆனா தேடிப் பாக்கவே அனுமதி வாங்கிட்டுத்தான் போவணும்.

எங்க பக்கம் இருந்து ஒரு ஆசை. ஃபாரன்சிக்ஸ் ஒழுங்கா தெரிஞ்ச ஆளு கெடைக்க மாட்டேங்குது. 2024 ஜூலை 1ல இருந்து புது சாட்சிய சட்டம், எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கு உள்ள பழைய 65பிக்கு பதிலா பிரிவு 63. அதுல உள்ள சான்றிதழ் படிவத்துல ஃபைலுக்கு கைரேகை மாதிரி உள்ள ஹாஷ் மதிப்பும் எந்த அல்காரிதம்னும் எழுதணும், நிபுணர் கையெழுத்தும் போடணும். கட்சிக்காரரு ஒரு வாட்ஸ்ஆப் ஆடியோவ நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணி, ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, இந்தா சார் ஆதாரம்னு நீட்டுவாரு. ஒரிஜினல் ஃபோன் எங்கன்னு கேட்டா எக்ஸ்சேஞ்சுல குடுத்தாச்சும்பாரு. படிச்ச பிள்ளைய இந்தப் பக்கமும் திரும்பிப் பாருங்க.

குளச்சல்_சாளை
வக்கீல் சார் சொன்ன உடனே ஞாபகம் வந்துச்சு. சைபர் படிக்கேன்னு சொந்தக்காரங்களுட்ட சொல்லாத தம்பி. போன கல்யாண வீட்டுல சோறு பரிமாறும்போ ஒரு பெரியப்பா மெதுவா வந்து, மக்களே உனக்க பெரியம்மைக்க வாட்ஸ்ஆப்ப நான் பாக்க வழி இருக்கான்னு கேக்காரு. இன்னொரு மாமா, களவு போன ஃபோன் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுன்னு. பணம் போச்சுன்னு யாராவது வந்தா மட்டும் சும்மா இருக்காத, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்க வையி, பேங்க்ல பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு தாவுறதுக்குள்ள நிறுத்துனாத்தான் உண்டு. எங்க தெருவுல ஒரு சேட்டன் வெக்கத்துல ரெண்டு நாள் யாருட்டயும் சொல்லாம வச்சிருந்தாரு, பொறவு போயி ஒண்ணும் நடக்கல.

தோவாளை_பிச்சி
எனக்க மகளும் இதத்தான் கேக்கா. நைட் ஷிப்ட்னு படிச்ச உடனே எனக்கு வயித்த கலக்குது. பொம்பளப் பிள்ளைக்கு சரி வருமா?

கழக்கூட்டம்_நைட்ஷிப்ட்
அக்கா எங்க டீம்ல பாதி பேரு பொம்பளப் பிள்ளையதான். கேப் வீட்டு வாசல்ல வந்து ஏத்தும், இறக்கும். நாரோயில்ல இருந்து தினம் ட்ரெயின்ல வந்துட்டுப் போவலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ஷிப்ட் மாறும்போ முடியாது, பக்கத்துல ரூம் எடுக்கணும். ராத்திரி வேலை ஒத்துக்காதுன்னா ஆடிட், பாலிசி, ரிஸ்க்னு பகல் வேலையும் இருக்கு, 2023ல டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்த பொறவு அந்தப் பக்கம் பேச்சு கூடியிருக்கு. ஒண்ண மறைக்க மாட்டேன், எனக்கு ராத்திரி ஷிப்டால தூக்கமும் வயிறும் கெட்டுப் போச்சு. அது ஆம்பள பொம்பள பாத்து வாரதில்ல.

பேச்சிப்பாறை_ஷட்டர்
சரி கழக்கூட்டம், நீ க்ளோஸ் பண்ணுற அலர்ட்ட இனி ஏஐ க்ளோஸ் பண்ணுமே. இந்தப் பிள்ள நாலு வருஷம் கழிச்சு வரும்போ உனக்க சீட்டே இருக்காதே?

கழக்கூட்டம்_நைட்ஷிப்ட்
நல்ல கேள்விதான். விபிஎன் போட்டு படம் பாத்தவன இப்பவே அதுதான் க்ளோஸ் பண்ணுது, எல்1ல (அலர்ட்ட முதல்ல பாக்குற கீழ் நிலை) ஆள் எடுக்கது கொறையத்தான் செய்யும். ஆனா அது க்ளோஸ் பண்ணுனது சரியான்னு பாக்க, அந்த மெஷின தனியாக்குனா சம்பளம் போடுற சர்வர் நின்னுருமான்னு யோசிக்க ஆளு வேணும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி ஒரு தப்பான அப்டேட் விட்டுது, உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின் நீல ஸ்க்ரீன்ல நின்னுச்சு, விமானமெல்லாம் கெடந்துச்சு. பாதுகாக்க வச்ச டூல்தான் கவுத்துச்சு. அன்னைக்கு ஒவ்வொரு மெஷினா சேஃப் மோடுல போயி அந்த ஃபைல அழிச்சது மனுஷன்தான். அடிப்படை தெரியாம டூல மட்டும் தெரிஞ்சவனுக்கு ஆபத்துதான், அத ஒத்துக்கிடுதேன்.

பேச்சிப்பாறை_ஷட்டர்
ஒத்துக்கிட்டல்லா, அது போதும். நான் சொல்லுகதும் அதாக்கும். சிஎஸ்இ எடுத்துட்டு மிச்சத்த வீட்டுல இருந்து படி தம்பி.

சாக்பீஸ்_தூசி
ஒரே காலேஜ்ல ரெண்டும் கெடச்சா ஷட்டர் சார் சொன்ன மாதிரி சிஎஸ்இ எடுத்து எலெக்டிவ்ல செக்யூரிட்டி போடுறது நல்லதுதான். ஆனா நல்ல காலேஜ்ல சைபர், சுமாரான காலேஜ்ல சிஎஸ்இன்னு வந்தா முதல் உள்ளத எடு. பேருக்காக காலேஜ விடாத.

இப்பவே காசில்லாம தொடங்கணும்னா ஓவர்தவயர்ல பேண்டிட்னு ஒரு விளையாட்டு இருக்கு, லினக்ஸ் கமாண்ட் தெரியாமலே உள்ள போயி ஒவ்வொரு லெவலா பாஸ்வேர்ட் தேடி படிச்சுருவ. வெப் பக்கம்னா போர்ட்ஸ்விகர் அகாடமி, அதுவும் ஃப்ரீ. என்பிடெல்னு ஐஐடிகளோட ஆன்லைன் பாடத் தளத்துல ஐஐடி கரக்பூர் எத்திகல் ஹேக்கிங் கோர்ஸ், பாக்க காசு வேண்டாம், பரிச்சைக்கு மட்டும் கட்டணும். சிடிஎஃப்னு சொல்லுற ஹேக்கிங் போட்டின்னா தூரம் போவ வேண்டாம், கொல்லம் அமிர்தபுரியில உள்ள பயாஸ் டீம் நம்ம நாட்டுல முன்னணி, போட்டிக் கேள்விய எப்படி முடிச்சோம்னு அவங்க எழுதுற ரைட்அப்ப வாசிச்சாலே ஒரு செமஸ்டர் பாடம் இருக்கு. ஆயிரக்கணக்குல ஃபீஸ் வாங்கி ஒரு மாசத்துல ஹேக்கர் ஆக்குதேன்னு சொல்லுற கிளாஸ் பக்கம் தலைவச்சுப் படுக்காத.

மட்டிப்பழம்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவையும் கூப்பிட்டு முழுசா வாசிக்க வச்சேன், ஷட்டர் அண்ணாச்சி எழுதுனத மட்டும் ரெண்டு தடவ வாசிச்சாரு. ஆர்எஸ்ஏ கணக்கு போட்டேன் சார், 31ஐ ஏழு தடவ பெருக்கி கால்குலேட்டர்ல நம்பர் பெருசா போயிட்டு, ஆனா மீதி 4 வந்துட்டு.

சாக்பீஸ்_தூசி
பெருசா பெருக்காத. 31ஐ 33ல இருந்து பாத்தா மைனஸ் 2 தான. மைனஸ் 2ஐ ஏழு தடவ பெருக்குனா மைனஸ் 128. அதுல 33ஓட நாலு மடங்கு 132 கூட்டு, 4 வந்துரும்.

இரணியல்_லைன்மேன்
நடுவுல வாரதுக்கு மன்னிக்கணும். எனக்க தம்பி பாலிடெக்னிக்ல ஈசிஇ டிப்ளமோ முடிச்சிருக்கான். அவனும் இதுல சேர முடியுமா, இல்ல பிளஸ் டூ வேணுமா?

குளச்சல்_சாளை
முடியும் அண்ணா. லேட்டரல் என்ட்ரி, நேரா ரெண்டாம் வருஷம், அதுக்கு கவுன்சிலிங்கும் அப்ளிகேஷனும் தனி, தேதிய விட்டுறாதீங்க. எங்க கிளாஸ்ல அப்படி வந்தவங்க இருக்காங்க, ஈசிஇன்னா நெட்வொர்க் பேப்பர்ல எங்கள விட நல்லா பண்ணுவாங்க. அடி விழுறது டேட்டா ஸ்ட்ரக்சர்லயும் மேத்ஸ்லயும், முதல் வருஷ பைத்தானும் சியும் அவங்களுக்கு கெடைக்காதுல்லா. சேருகதுக்கு முந்தி உள்ள லீவுல பாய்ன்டர், லிங்க்ட் லிஸ்ட் வரைக்கும் சியில சொந்தமா எழுதிப் பாக்கச் சொல்லுங்க. டவுட்டுன்னா இங்கயே கேக்கட்டும்.